‘சிம்பாங் அம்பாட்’ குழுவின் பிரேக் சோதனை

ஐயாத்துரை தெப்ரா வட்டாரத்தில் இருபத்தெட்டு வருஷம் கார் ஓட்டும் தேர்வு எடுத்தவர். அவர் ஃபெயிலாக்கியவர்களை வரிசையாக நிறுத்தினால் வால் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற யோங் பெங்கைத் தாண்டிப் போகும். தேர்வுக் காரில் அதிகாரி பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்தால் ஓட்டுபவன் கதை முடிந்தது. மிதித்து மிதித்தே வலது செருப்பு மட்டும் வருஷத்துக்கு நாலு தேயும். ஓய்வு பெற்ற பிறகு மனைவி யோகம் சுட்ட தோசையை ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தார்.

மகள் வசந்தினி, கட்டினால் குணாளனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவன் பகலில் தொழிற்சாலை சூப்பர்வைசர். மற்ற நேரம் ‘சிம்பாங் அம்பாட்’ ராக் குழுவின் தலைவன். மலாயில் நாற்சந்தி என்று அர்த்தம். அந்தப் பெயரில் மட்டும் ஐயாத்துரைக்கு ஆட்சேபணை கிடையாது. நாலு பக்கமிருந்தும் வருகிறார்கள், ஒருவனும் வழிவிடுவதில்லை.

குணாளனுக்கு ராக் கித்தார். காளிதாசுக்குக் கோவில் உறுமி. தீபனுக்கு மாதா கோவில் கீபோர்டு. பாடுகிற பிரவீனாவுக்கு டங்டுட் என்கிற மலாய்க் குத்துப்பாட்டை விட்டால் வேறு நாதியில்லை. அடுத்தவருடையதைக் கற்றுக்கொள்ளச் சோம்பல். அந்தச் சோம்பலுக்குக் ‘கலவை இசை’ என்று பெயர் வைத்துச் சட்டையிலும் அச்சடித்துவிட்டார்கள்.

யோகம் பேசிப் பேசி அவரை ஒரு நிபந்தனைக்குக் கொண்டு வந்தாள். ஞாயிறு மதியம் தாமான் குடியிருப்புக்காரர்களின் விருந்தில் குழு வாசிக்கிறது. மூன்று பாட்டில் ஒன்றையாவது நாலு பேரும் ஒன்றாக நிறுத்திக் காட்டினால் கல்யாணத்துக்குச் சம்மதம். ஓடுவது பெரிசில்லை, நிற்கத் தெரிய வேண்டும் என்றார் ஐயாத்துரை. நிற்காது என்ற நிச்சயத்தில் வந்த தாராளம் அது.

மண்டபத்தில் பழைய தேர்வு மதிப்பெண் அட்டையும் பேனாவுமாக முதல் வரிசையில் உட்கார்ந்தார். கித்தார் மேட்டில் ஏறும் பாமாயில் லாரி மாதிரி முக்கியது. குணாளன் பாட்டை முடித்துக் கும்பிட்டபோது தீபன் இரண்டாம் சரணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். காளிதாஸ் தூரத்துப் பாலோ ஊர் வரை போய்விட்டுச் சாவகாசமாக வந்து சேர்ந்தான். ஃபெயில். இரண்டாவது பாட்டில் பிரவீனா மட்டும் தனியாக நாலு நிமிஷம் ஓடினாள். அதுவும் ஃபெயில்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஸ்பீக்கர், விசிறி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் செத்தன. மின்சாரமே வேண்டாத காளிதாஸ்கூட, என்ன ஆச்சு என்று குச்சியைத் தூக்கியபடி நின்றான். பிரவீனா திறந்த வாய் திறந்தபடி. நாலு பேரும் ஒன்றாக! மண்டபம் அன்றைக்கு முதல் தடவையாகக் கை தட்டியது. சத்தம் நின்ற சந்தோஷம்தான். குணாளன் தங்களுக்கென்று நினைத்துக் குனிந்து கும்பிட்டான்.

ஐயாத்துரை எழுந்து பின்பக்கம் போனார். மெயின் சுவிட்சில் கை வைத்தபடி வசந்தினி நின்றாள்.

“பக்கத்து சீட்டில இருந்து பிரேக் பிடிச்சா என்ன, பிள்ளை?”

“ஃபெயில்.” தொட்டிலிலேயே கேட்ட பாடம். “ஆனா நீங்க டெஸ்ட் முடிஞ்சதும் எறங்கிப் போயிடுவீங்கப்பா. நான் அந்த சீட்டுலதான் கடைசி வரைக்கும் இருக்கப் போறேன்.”

இருபத்தெட்டு வருஷத்தில் இப்படியொரு பதிலை அவர் கேட்டதில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு அதில் கட்டம் இல்லை.

“சரி, கட்டு. ஆனா புதுசா லைசென்ஸ் எடுத்தவன் மாதிரி ரெண்டு வருஷத்துக்கு அவன் ‘பி’ ஸ்டிக்கரோடதான் ஓட வேணும்.”

சந்தோஷத்தில் வசந்தினி சுவிட்சைத் தட்டிவிட்டாள். நாலு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். நாலும் வேறு வேறு இடம்.

“கையை எடுக்காதே, பிள்ளை,” என்றார் ஐயாத்துரை.