ஏரி வேற, ஜெபம் வேற

ஜான்சன் துடுப்பை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, மார்கரெட் வீட்டு ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையெல்லாம் ரத்தம்.

"எங்க அடிபட்டுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. இது காலனிக்காரன் தனசேகர்து. நம்ம பாடு எடத்துல வந்து வலை போடறான். கைய ஒடச்சு வுட்டேன். வேற சட்ட எடு, ஜனம் வந்துடும்."

ஏரியில் எந்தக் குடும்பம் எங்கே வலை போடலாம் என்று ஊர் வகுத்து வைத்திருப்பதுதான் பாடு. அதில் காலனிக்கு ஒரு முழம் தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் போன மாதம் இதே ஏரியில்தான் தனசேகர் ஞானஸ்நானம் எடுத்தான். அவன் தோளைப் பிடித்துத் தண்ணீரில் முக்கியவர்களில் ஜான்சனும் ஒருவன். கரையேறியதும் கட்டிப்பிடித்து "பிரதர்" என்றான்.

"உயிரோட இருக்காரா?"

"பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. அவன் பொண்டாட்டி ரோசி கூட இருக்கா. போலீஸ் வந்தா நான் காலைலேர்ந்து வூட்லதான் இருந்தேன்னு சொல்லிடு."

"மனச மொத்தமா ஏசுவுக்குக் குடுத்துட்டேன்னு கோயில்ல எல்லார் முன்னாடியும் சொன்னியே."

"குடுத்தேன். இல்லன்னு யார் சொன்னா? ஏரி வேற, ஜெபம் வேற."

எவ்வளவு தெளிவான மனிதன்! கிறிஸ்துவுக்காகக் குடியை விட்டான், பீடியை விட்டான். சாதியை மட்டும் மடியில் முடிந்து பத்திரமாக வைத்துக்கொண்டான்.

தெருச்சனம் வந்து உட்கார்ந்தது. பாட்டு முடிந்ததும் ஜான்சன் மனைவியை ஜெபிக்கச் சொன்னான். எல்லோரும் கண்களை மூடினார்கள்.

"ஆண்டவரே, இன்னிக்கு எங்கூட்டுக்காரு தனசேகர் கைய ஒடச்சாரு. போலீசுல பொய் சொல்லச் சொல்றாரு. என்னால முடியாது. நீர்தான் எனக்கு எஜமான், அவரு இல்ல."

கன்னத்தில் அறை விழுந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக்கரித்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஏரியும் உம்முதுதான், ஆண்டவரே."

ஜான்சன் அவள் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறையல்ல. சுவரில் ரத்தம் வழிந்தது. ஒருவரும் எழவில்லை. ஜெபத்துக்கு நடுவே கண் திறப்பது மரியாதை இல்லையாம். சபை மூப்பர் அந்தோணிசாமி கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார்.

மார்கரெட் அவன் கையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கடி போற?"

"ஆஸ்பத்திரிக்கு. ரோசி தனியா இருக்கா. அங்கேர்ந்து போலீசுக்கு."

"போனா திரும்பி வராத."

அவள் தெருவில் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.

உள்ளே யாரும் இன்னும் கண் திறக்கவில்லை. யாராவது ஆமென் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.