ரெண்டு பேர் தூக்குகிற எஞ்சின்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு இழவும் தெரியாது. 1955இல் கோட்டாற்றுக் கடையொன்றில் ஆணி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற கடற்கரைக்காரர் ஒருவர் அங்கிருந்த எஞ்சினைக் காட்டி, "இதத் தூக்க எத்தன ஆளு வேணும்?" என்று கேட்டார். வேகத்தைக் கேட்கவில்லை, எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வீடுவரை என்கூடவே வந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'குளச்சல் கடல் அன்று கோபமாக…'

வேண்டாம். கடல் கோபப்படாத கதையே கிடையாதா?

அந்தக் கடற்கரைக்காரருக்கு யேசுதாசன் என்று பெயர் வைக்கிறேன். இருபது வருஷமாக அவரும் அந்தோனியடிமையும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். போன திருவிழாவில் அந்தோனியடிமை வரக் கொஞ்சம் பிந்திவிட்டது. சப்பரத்தின் முன்கம்பில் அவர் எப்போதும் தோள்கொடுக்கிற இடத்தில் யேசுதாசன் வேறொருவரை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தோனியடிமை வள்ளத்தில் கால் வைக்கவில்லை, பேச்சும் இல்லை.

(இதற்காகவா பத்து மாதம் பேசாமல் இருப்பார்கள் என்கிறீர்களா? நீங்கள் சப்பரம் தூக்கியதில்லை.)

3

கடையில் இரண்டு எஞ்சின்கள். சின்னதை ஒருவரே தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்துவிடலாம். ஒற்றைக்குக் கடலுக்குப் போகலாம், எவர் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். பெரியது இன்னும் தூரம் போகும், ஆனால் தூக்க ரெண்டு பேர் வேண்டும்.

யேசுதாசன் சின்னதை வாங்கத்தான் வந்தார். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று எழுதி, அடித்துவிட்டேன். எங்கே பழகியது? இன்னமும் ரெண்டு பேருக்குக் கஞ்சி கொண்டுபோகிறார். பாதியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்.

கடைக்காரர் கோலப்பன் கேட்டார்: "கடலுக்கு எத்தன பேரு போவீரு ஓய்?"

"ரெண்டு பேரு."

பொய். சத்தியமாக நான் எழுதவில்லை, அவரே சொல்லிவிட்டார்.

"அப்பம் பெருச எடும்."

எடுத்துவிட்டார்.

4

எஞ்சினைக் கடற்கரையில் இறக்கிவைத்துவிட்டு வண்டிக்காரர் போய்விட்டார். வள்ளம் நாற்பதடி தள்ளிக் கிடக்கிறது. எஞ்சினுக்கு இந்தப் பக்கம் அந்தோனியடிமை உட்கார்ந்து வலை முடைகிறார். யேசுதாசன் எஞ்சினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, அவரைப் பார்க்காமலே சொன்னார்:

"மக்கா, அந்தப் பக்கம் ஒனக்குள்ளதாக்கும். இனி வேற ஆளப் பிடிக்க விடமாட்டேன்."

முடிவு ஒன்று: அந்தோனியடிமை எழுந்து வந்து… எழுதினேன். ஒரேயடியாகத் தித்தித்தது, கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவே… இதை எழுதக் கை வரவில்லை. என் கதைகளை முதலில் வாசிக்கிற ஒருவர் எனக்கும் இருந்தார். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார். பேசி நாலு வருஷமாகிறது.

வலை முடைகிற கை நின்றிருக்கிறது. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கொஞ்சம் சீக்கிரம். யேசுதாசன் தன் பக்கத்தைத் தூக்கியபடியே நிற்கிறார்.