குட்டையிலிருந்து இரண்டு தப்படி

தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் என் அளவுச் சங்கிலி விழாத மண் கிடையாது. கேட்டால் எறும்புப் புற்றுக்குக்கூட நாலு எல்லை சொல்வேன். தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றதும் மகள் கலா ஒரு கேமரா வாங்கி வந்தாள். சோப்புப் பெட்டி அளவு, ஒரே பொத்தான். ஸ்டுடியோ புருஷோத்தமன் பிலிம் போட்டுக் கொடுத்து ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னான். எதை எடுத்தாலும் அஞ்சடி தள்ளி நிற்க வேண்டும், கிட்டே போனால் படம் கலங்கிவிடும்.

அஞ்சடி என்றால் எனக்கு இரண்டு தப்படி. எல்லா வம்பும் அந்த இரண்டு தப்படியில் ஆரம்பித்ததுதான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். செங்கல் லாரி போய்ப் போய்ப் பள்ளமான தெரு. மேற்கே சூரியன் இறங்க, பள்ளத்துக்கு ஒரு சூரியன் தண்ணீரில் கிடந்தது. நூறு சூரியன் இருக்கும். சரி, பதினேழு. எனக்கு ஜிலேபிக் கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு குட்டைக்கும் விளிம்பில் காலை வைத்து, 'ஒண்ணு, ரெண்டு' என்று பின்னால் நடந்து, உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். என் முட்டி மடங்கிய சத்தம் திருமுக்கூடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். என் காலையே பார்த்தார்கள்.

மறுநாள் போனால் முதல் குட்டையில் உமி. அதற்கு மறுநாள் இரண்டாவது குட்டையில் அடுப்புச் சாம்பல். மூன்றாம் நாள் நல்ல பெரிய குட்டையில் ஒரு எருமை படுத்திருந்தது, அதுவும் என்னைச் சந்தேகமாகவே பார்த்தது. யாரோ என் சூரியன்களைக் கொலை செய்கிறார்கள். நான் புருஷோத்தமனைச் சந்தேகப்பட்டேன். என் படம் நன்றாக வந்தால் அவன் ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதானே? ஜாடையாக விசாரித்தேன். அவன் என் நெற்றியில் கை வைத்து ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தான்.

அந்தத் தெருவின் கவலை எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏரிக்கரையைப் பலப்படுத்தப் போகிறார்கள், ஓரத்து வீடுகளை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. ஆறு வீட்டில் பி மெமோ இருந்தது. புறம்போக்கில் குடியிருப்பதற்கு அபராதம் போட்டு ஆபீஸ் கொடுக்கும் காகிதம் அது. எங்கள் பக்கத்தில் அதைக் கல்யாணப் புடவையைவிடப் பத்திரமாக வைப்பார்கள். இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம் என்பதற்கு அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி ஆயிற்றே, மாற்று இடம் கேட்க அது போதும். ஏழாவது வீடு, கூரைமேல் லாரி டயர் போட்ட வீடு, சிட்டம்மாளுடையது. கூலிக்குக் களை எடுக்கிறவள், தனியாள். அவளிடம் மெமோ இல்லை. இடித்தால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

நாலாம் நாள் சாயங்காலம் கருவேலம் புதருக்குப் பின்னால் பதுங்கினேன். முள் குத்தியது, ஆயிரம் முள். கூடை நிறைய உமியோடு சிட்டம்மாள் வந்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் பயப்படவில்லை, கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"நாலு நாளா எங்க வூட்டு வாசல அளந்துகினு கீறீங்க. இன்னாத்துக்கு?"

சூரியனைப் படம் பிடிக்கிறேன் என்றேன்.

"சூரியன் மேல கீது. நீங்க கீழ குனிஞ்சிகினு கீறீங்க."

தண்ணீரில் தெரிகிறதே என்று காட்டினேன். அவள் தண்ணீரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். இரண்டுமே கலங்கல் என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப அடி எண்றது எதுக்கு? சூரியனுக்குப் பட்டா போடப் போறாங்களா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "எம்பத்தாறுல நீங்க சங்கிலி இழுத்துக்கினு வந்தப்ப நான் தென்னேரிக்கு அறுப்புக்குப் போயிருந்தேன். சாத்திக் கிடந்த வூட்ட காலி மனைன்னு எழுதிட்டுப் போன கை தான இது?"

இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதினேன். கதவு பூட்டியிருந்தது, டயரும் கண்ணில் பட்டது, வெயில் தாங்கவில்லை, காலி என்று எழுதிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டேன். காலி இடத்துக்கு யார் மெமோ கொடுப்பார்கள்?

மிச்சமிருந்த ஒரே பிலிமை அவள் கண்ணெதிரிலேயே, டயர் வீட்டின் முன்னால் இருந்த குட்டையில் எடுத்தேன். என்னதான் எடுக்கிறேன் என்று பார்க்கட்டும். காஞ்சிபுரத்தில் கழுவி வர மூன்று நாள் ஆனது. கவரைத் தான் வராமல் பிரிக்கக் கூடாது என்று அவள் புருஷோத்தமனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

முப்பத்தாறு படத்தில் இருபது என் கட்டைவிரல், பதினைந்து சேறு. கடைசிப் படம் மட்டும் தப்பித்தது. குட்டைத் தண்ணீர் செக்கச்செவேல் என்று இருக்க, அதில் தலைகீழாக ஒரு கூரை, கூரையில் டயர், பக்கத்தில் கூடையை இடுக்கிக்கொண்டு முறைக்கிற ஒரு கறுப்பு உருவம். பயமாக இருந்தால் கிழித்துப் போடு, நெகட்டிவையும் எடுத்துக்கொள் என்றேன். அவள் கிழிக்கவில்லை. படத்தைத் திருப்பிப் பிடித்தாள். வீடு நேராக நின்றது.

"யாரு பாத்தாலும் எங்க வூடுன்னு தெரியுமா?"

அந்த டயரைத் தாலுகாவே அறியும் என்றேன்.

"அப்ப பின்னால எழுதுங்க. காலி இல்ல, வூடு கீதுன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்க."

நான் ரிட்டையர் ஆனவன், என் கையெழுத்துக்கு ரேஷனில் மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காது என்றேன்.

"நீங்கதான ரிட்டேர் ஆனீங்க. நீங்க எழுதுன காலி ரிட்டேர் ஆவலியே."

புருஷோத்தமன் பேனாவை நீட்டினான். சர்வே எண், நாலு எல்லை, எண்பத்தாறில் நான் எழுதியது தவறு, அன்றே வீடு இருந்தது, கண்ணால் பார்த்தேன். எல்லாவற்றையும் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுப் புருஷோத்தமனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவனை அனுப்பிவிட்டு என்னை. இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் படம் சுருக்குப் பைக்குள் போனது.

தை மாசம் கணக்கெடுக்க வந்த புது சர்வேயர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பின்பக்கத்தைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆமாம், என் தப்புதான் என்று தெரு கேட்கச் சொன்னேன். பத்து நாளில் மெமோ வந்தது. அபராதம் வந்ததற்குத் தெரு முழுக்க வெல்லம் கொடுத்தவள் சிட்டம்மாள் ஒருத்திதான். அந்த மெமோவையும் என்னையும் புருஷோத்தமனையும் தனித்தனியாகப் படிக்க வைத்தாள்.

அடுத்த மழைக்குப் போனபோது ஏழு வீட்டு வாசலிலும் என் படத்துக்கென்றே புதிதாகப் பள்ளம் தோண்டியிருந்தது. நான் காலை விளிம்பில் வைத்தேன். சிட்டம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பாதத்தையே பார்த்தாள்.

"ரெண்டு தப்படி," என்றாள். "எண்ணிக்கினுதான் கீறேன்."