இரண்டாம் பத்தியில் ஒரு சாவு

பிள்ளைகள் அவளை அசைன்மென்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய அண்ணன் நடத்திய ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கும் ஓயாமல் இருமும் ஒரு பிரிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். வரலாறா, கொண்டா. விலங்கியலா, கொண்டா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ச் செலவைக் கேட்டு எழுதி வா என்று புவியியல் ஆசிரியர் சொல்லியிருந்தால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒரு தெருவை உண்டாக்குவாள். அதில் குழாயை மூடாத மாடி வீட்டுக்காரர் ஒருவரைக் குடிவைத்து அவரோடு சண்டையும் பிடித்துவிடுவாள். மட்டமாகப் படிக்கும் பையனுக்கு மட்டமாகவே எழுதத் தெரியும். எந்த இடத்தில் தப்பு விட்டால் பையன் சொந்தமாக எழுதினான் என்று ஆசிரியர் நம்புவார் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஆனால் அவள் கை நின்று பேசியது மொழிப்பாடக் கட்டுரையில்தான். மறக்க முடியாத நாள், நான் மதிக்கும் மனிதர், எந்தத் தலைப்பாக இருந்தாலும் ஒரே வைத்தியம். இரண்டாம் பத்தியில் யாரையாவது சாகடித்துவிட வேண்டும். திருத்துகிறவருக்குக் கண் கலங்கிவிட்டால் அதற்கப்புறம் பிழை தெரியாது. இப்படி அவள் தீர்த்துக்கட்டிய தாத்தாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் கணக்கில்லை. அதில் பாதிப் பேர் அந்தக் கடைக்கே வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தொட முடியாத ஒரே நோட்டு, சொந்த மகளுடையது. புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்ட பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான். பள்ளியில் கடைசி வருஷம். தூரத்து நகரத்தில் பெரிய கல்லூரி ஒன்று, கட்டுரையைப் பார்த்து இடம் கொடுத்து, படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் தானே ஏற்றுக்கொள்வதாக அறிவித்திருந்தது. தலைப்பு, 'நான் இழந்தது'. மகள் அதற்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு பார்வை பார்க்கட்டுமா என்று அம்மா கேட்டபோது, உன் சரக்கெல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ரோஷக்காரி, தன் காலில் நிற்கிறாள் என்று அதையே பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அண்ணன் ஒரு புது வேலையைக் கொண்டுவந்து போட்டான். அதே கல்லூரி, அதே தலைப்பு. அம்மா காய்ச்சலில் செத்துப்போன பொண்ணாம், வேறு விவரம் தெரியாதாம். மகளுக்கே போட்டியாக வரப்போகிற ஒருத்திக்கு எழுதுவதா? அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குக் கைவந்த கலையை எடுத்தாள். இழுவையான ஆரம்பம், பொருந்தாத உவமை, ஒப்புக்கு ஒரு சாவு. இதற்கு எந்தக் கல்லூரியும் இடம் தராது.

எழுதி முடித்ததும் மனசு குத்தியது. தாயில்லாப் பிள்ளை. அதன் வாயில் மண்ணைப் போட்டுத்தானா என் பிள்ளை படிக்க வேண்டும் என்று அதைக் கிழித்துப் போட்டாள். மறுபடி உட்கார்ந்தவள் அழுதுகொண்டே எழுதினாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் எழுதியதில்லை. சாப்பிடும்போது மகளிடம் அதைச் சொன்னாள். மகள் தலை நிமிராமல், நல்லா வந்திருக்கா என்று மட்டும் கேட்டாள்.

இடம் மகளுக்குக் கிடைத்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னையே ஜெயித்துவிட்டாள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள். அந்தத் தாயில்லாப் பெண்ணை நினைத்தும் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

தேர்வானவர்களை நேரில் பார்க்கக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை கிளம்பியிருந்தார். வீட்டுக்கு வராமல் கடைக்கு வந்தார். விண்ணப்பத்தில் அந்த முகவரிதான் இருந்தது. அவர் குரல் கேட்டு, மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து அவள் ஓடி வந்தாள். முன்கடையில் அண்ணனும் மகளும் நின்றிருந்தார்கள். பேராசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா போன பிறகும் அவள் சீப்பில் முடி இருந்தது. அந்தச் சீப்பால் நான் தலை வாரவும் இல்லை, அதைக் கழுவவும் இல்லை."

அது அவள் எழுதிய வரி.

அண்ணன் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ தேட ஆரம்பித்தான். மகள் அம்மாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. வாயைத் திறந்துவிடாதே என்று மிரட்டுகிற பார்வை. பேராசிரியை திரும்பி, நீங்க யாரு என்று கேட்டார்.

நான்தான் பெற்றவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகளின் படிப்பு அந்த நிமிஷமே போச்சு.

"இங்க வேலை செய்யறவ," என்றாள்.

"இவங்க அம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பொண்ணுன்னா அவளுக்கு உசிரு."

பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். இனிமேல் நீங்கதான் எல்லாம் என்று மாமன்காரனிடம் சொன்னார். புறப்படும்போது, சேரும் நாளில் தாயாருடைய இறப்புச் சான்றிதழையும் கொண்டுவர வேண்டும் என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

எங்கிட்டயே கேட்டிருக்கலாமே என்றாள் அவள்.

"கேட்டா எழுதியிருப்பியா? எனக்குன்னு தெரிஞ்சா உன்னைச் சாகடிக்க உனக்கு மனசு வராது. யாரோ ஒருத்திக்குன்னாத்தான் நீ நல்லா எழுதுவே."

"வேற எதையாவது இழந்ததா எழுதியிருக்கலாமே."

"செத்தாத்தான் மார்க்னு சின்ன வயசிலேருந்து கேட்டு வளர்ந்தவ நான்."

நான் வேண்டாம்னுதான் சொன்னேன் என்று அண்ணன் முனகினான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கல்லூரிக்கு ஒருநாளும் போக முடியாது, மகள் பட்டம் வாங்குவதைக் கடைசி வரிசையிலிருந்துகூடப் பார்க்க முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மகளைப் பெற்ற வயிற்றிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

யாரோ நகல் எடுக்கக் கொடுத்த இறப்புச் சான்றிதழ் ஒன்று அதில் இருந்தது. அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். வயதைப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று போட்டாள். மகள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"தேதி என்னம்மா போடட்டும்?" என்று மகளைக் கேட்டாள்.

மகள் யோசித்தாள்.

"லீவு நாளாப் பாத்துப் போடு. அன்னைக்கு நான் ஸ்கூலுக்குப் போனதா ரெஜிஸ்டர்ல இருந்தா மாட்டிக்குவேன்."

அவள் காலண்டரைத் திறந்து, பழைய வருஷம் ஒன்றுக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேடத் தொடங்கினாள்.