சுவரோரத்துக் குழாய்

பழைய கம்பெனியை மூடியதிலிருந்து அவள் ஏறி இறங்காத பட்டறை இல்லை. இன்று கப்பல் பட்டறையில் ஒரே ஒரு வெல்டர் வேலைதான் இருந்தது. வரிசையிலோ ஊரே நின்றது.

பற்றவைத்துக் காட்ட வேண்டிய குழாய், வலப்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. முன்னால் போனவர்களுக்கெல்லாம் முழங்கை சுவரில் இடித்தது. உடம்பை வளைத்து நெளித்தும் வெல்டிங் பற்று கோணலாகவே விழுந்தது.

அவள் வெல்டிங் ஹோல்டரை இடது கையில் எடுத்தாள்.

“பீச்சாங்கையா? வெளங்கினாப்லதான்!” என்றான் பின்னால் நின்றவன்.

அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள். நிமிர்ந்தபோது, குழாயைச் சுற்றிப் பற்று நூல் பிடித்ததுபோல் ஓடியிருந்தது.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “கப்பலுக்குள்ள இந்த மாதிரி மூலைதாம்மா நிறைய. நாளைக்கே வந்துடு. அந்தக் கையை மறக்காம எடுத்துட்டு வா!”

வீட்டில் அப்பா காத்திருந்தார். சின்ன வயதில் அவள் இடது கையால் பென்சிலைத் தொட்டாலே விரல் முட்டியில் தட்டியவர் அவர். கப்பல் பட்டறையில் கொடுத்த ஹெல்மெட்டை அவள் வேண்டுமென்றே இடது கையால் நீட்டினாள்.

அப்பா இரண்டு கைகளாலும் வாங்கினார். தன் தலையில் வைத்துக்கொண்டு, கழற்றாமலே வாசலுக்குப் போனார்.

“எம்பொண்ணு இடது கைக்காரி, தெரியுமில்ல?” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார்.