வெளிக்கிட வேணும்

ராயபுரத்துக்கு வந்து ஏழு மாதமாகியும் சுகிர்தத்துக்கு அந்த ஊர் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே கருவாட்டு வியாபாரத்துக்கு வந்த தூத்துக்குடிக்காரன் தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டாம் வருஷம் அவன் மெட்ராஸில் கடை போட்டதும் கூடவே வந்துவிட்டாள். எங்கே போனாலும் தமிழ்தானே என்று நினைத்திருந்தாள். இங்கே அவள் வாயைத் திறந்தாலே சந்து சிரித்தது. ஒருநாள் சாயங்காலம் பேச வருவதாக எதிர்வீட்டு மீன்காரி முத்தம்மாவிடம், "பின்னேரம் கதைக்க வாறன்" என்றாள். முத்தம்மா தன் நாலு பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு, ராஜா கதையா பேய்க் கதையா என்று காத்திருந்தாள்.

அந்த முத்தம்மாவைக் கண்டாலே சுகிர்தத்துக்கு உதறல். அவள் அன்பாகப் பேசினாலும் அடிக்க வருவது போலிருக்கும்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்காற்று மூன்று மணிக்கு முன்னால் எட்டிப் பார்ப்பதில்லை. நிறைமாத வயிற்றோடு, ஈரத்துணியை நெஞ்சில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் கிடந்தாள் சுகிர்தம். வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம், பயத்தைத்தான் முடியவில்லை. முதல் பிள்ளை ஊரில் வீட்டிலேயே பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றி, ஒரு குரல்கூட அழாமல் போய்விட்டது. அடுத்ததை ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். தேவசகாயமும் தலையாட்டினான். ஆட்டியவன், இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்று சரக்கெடுக்கத் தூத்துக்குடிக்கு ரயிலேறிவிட்டான். பிள்ளைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?

உச்சிவெயிலில் இடுப்பைப் பிடித்து முறுக்கியது வலி. முதலில் விட்டு விட்டு வந்தது. பிறகு மூச்சுவிட இடம் தரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சந்தில் ஈ காக்கை இல்லை. காலிக் கூடையோடு முத்தம்மா மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் வெளிக்கிட வேணும்! கெதியா வெளிக்கிட வேணும்!"

சீக்கிரம் புறப்பட வேண்டும் என்பதை அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு ஜட்கா வண்டி பிடித்துத் தரக் கேட்பதற்குள் முத்தம்மா கூடையை வீசிவிட்டுப் பாய்ந்து வந்தாள். இவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைத் தாழ் போட்டாள்.

"எங்கியும் போவாத! அப்டியே படு!"

சுகிர்தம் திமிறினாள். "விடுங்கோ! நான் வெளிக்கிட வேணும்!"

"அதான் சொல்றேன், போவக்கூடாது! முக்காதம்மே, பொறு!"

"ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், அக்கா! என்ரை பிள்ளை செத்துப் போயிடும்!"

"இனிமே இன்னா ஆசுபத்திரி? தலை முட்டிக்கினு கீது."

எழுந்து ஓடப் பார்த்தாள். முத்தம்மாவின் கை அவளை அசைய விடவில்லை. அந்நிய ஊரில், பூட்டிய அறையில், இந்த முரட்டுப் பொம்பளை கையில் இரண்டாவதையும் பறிகொடுக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. ஏசுவே, ஏசுவே என்று கதறினாள். பனிக்குடம் உடைந்தது. பிறகு எதுவும் அவள் வசத்தில் இல்லை.

பிள்ளை வந்துவிட்டது. சத்தமில்லை.

"ஏன் அழேல்லை? அக்கா, பிள்ளை ஏன் அழேல்லை?"

முத்தம்மா பிள்ளையைத் தூக்கினாள். இரண்டு சுற்றாகக் கழுத்தில் கிடந்த கொடியை மீன் நாற்றம் போகாத விரல்களால் வழித்தெடுத்தாள். வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டினாள். இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் பிள்ளை வீறிட்டது.

"மாலை போட்டுகினு வந்துகீறான், தொரை!" என்று சிரித்த முத்தம்மாவின் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது.

எல்லாம் துடைத்து முடித்து, பிள்ளையை அவள் நெஞ்சில் கிடத்திவிட்டு, முத்தம்மா விசிறியை எடுத்தாள்.

"நீ வாசல்லயே ஆசுபத்திரின்னு சொல்லிகீந்தா, நானே ஜட்கா இட்டாந்து உன்ன ஏத்தி வுட்ருப்பேன். நல்ல வேளை, வெளிக்கி வருதுன்னு சொன்னே. மாசம் நெறஞ்சவளுக்கு அப்டி வந்தா அது வெளிக்கி இல்ல, கொயந்த. அதான் கதவ சாத்துனேன்."

"வெளிக்கி என்டால் என்ன, அக்கா?"

முத்தம்மா கொல்லைக் கக்கூஸைக் கையால் காட்டினாள்.

சுகிர்தம் கேட்க வந்தது ஜட்காவைத்தான். அது கிடைத்திருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரி வழியில், எந்நேரமும் கூட்ஸ் வண்டிக்காக மூடிக் கிடக்கும் ரயில்வே கேட்டில், கொளுத்துகிற வெயிலில், ஜட்காக்காரனும் குதிரையும் மட்டுமே துணையாக இவன் பிறந்திருப்பான். அந்த இரண்டு சுற்றை யார் எடுத்திருப்பார்கள்? அப்போதுதான் அவளுக்குக் கைகால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது.

"இன்னாம்மே, குளுருதா? ஜன்னியா?" என்று பதறினாள் முத்தம்மா.

"ஒண்டுமில்லை, அக்கா" என்றாள். விரல்கள் மட்டும் பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேயிருந்தன.