வியாழக்கிழமைகளில் வெந்த நூலகம்

வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் வாசகர்கள் வெந்துகொண்டிருந்தார்கள்.

நல்லவேளையாக நூலகம் இன்னும் கட்டப்படவில்லை. வாசகர்களும் கணினிக்குள் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் கூட்ட அறையின் பெரிய திரையில், கோடைகால வெப்ப வரைபடத்தில் வாரத்துக்கு ஒரு கொம்பு முளைத்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலோ, ஈ காக்காய் இல்லாத மண்டபத்தை ஏசி இயந்திரம் விழுந்து விழுந்து குளிரவைத்துக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை வந்தவங்க மட்டும் என்ன சார் பாவம் பண்ணாங்க?" என்று கேட்டார் ஆர்க்கிடெக்ட் அம்மாள்.

பாவத்தைப் பண்ணியவர் திரைக்குப் பக்கத்தில் பேனாவை மூடித் திறந்துகொண்டு நின்றிருந்தார். அவரைத் தெர்மாமீட்டர் என்றே சொல்வோம். மாமனார் வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே முதன்முதலாகப் போனபோது, காபி எப்படி என்று கேட்டவர்களிடம், "மேற்குச் சுவர்ல ஜன்னல் ஜாஸ்தி" என்று பதில் சொன்னவர்.

கட்டடம் எழும்பும் முன்பே அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்த அறை எப்போது சூடாகும், எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று சொல்வது அவர் பிழைப்பு. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கெட்டிக்கார மென்பொருள். ஆனால் இந்த நூலகத்துக்கு ஆர்க்கிடெக்ட் கேட்ட வித்தை அதனிடம் இல்லை. முந்தின ராத்திரியின் குளிர்ச்சியைப் பார்த்து, மறுநாள் ஜன்னலைத் திறப்பதா, இயந்திரத்தைப் போடுவதா என்று கட்டடமே முடிவெடுக்க வேண்டும். ஞாயிறு விடுமுறையன்று இயந்திரம் மூச்சுவிடக் கூடாது. அதற்காகத் தெர்மாமீட்டர் சொந்தமாக ஒரு நிரல் எழுதி, மென்பொருளின் வயிற்றில் செருகியிருந்தார். செருகிய அன்று அவர் நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

அந்த நாட்களில் அவர் தலைக்குள் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். ரயிலில் அரை நாள் தள்ளியிருக்கிற கடலோர ஊரில், ஒரு பெரிய மருத்துவமனை அவளைத் துறைத் தலைவியாகக் கூப்பிட்டிருந்தது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போகிறாளா, இல்லையா? போனால் தனியாகவா? பல் துலக்கும்போது கேட்டார், லிஃப்டில் கேட்டார், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டார். எல்லாம் மனசுக்குள். வாய் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"அங்கே மழை ஜாஸ்தியோ?"

"எல்லா ஊர்லயும்தான் மழை பெய்யுது."

"கடல் காத்துல துணி காயாதுன்னு சொல்வாங்க."

"நேத்துத் துவைச்சதை எடுத்தீங்களா?"

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படித்தான் கேட்பது என்று அவருக்கு வருத்தம்கூட இருந்தது.

ஆர்க்கிடெக்ட் அம்மாள் போன பிறகு, சாயங்காலம்வரை தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார். பிய்க்க அதிகம் மிச்சமில்லை. கடைசியில் பக்கத்து மேஜைக்காரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"சார், கிழமையை எங்கேர்ந்து எடுக்கறீங்க?"

"நானே எண்ணிக்கறேன். ஒரு நாள் முடிஞ்சா ஒண்ணு கூட்டிக்குவேன்."

"ஒத்திகை நாளையும் சேர்த்தா?"

தெர்மாமீட்டர் பேனாவை மூடினார்.

அந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் முதல் நாளை எடுத்து, சுவரும் தரையும் தங்கள் சூட்டில் நிதானப்படும்வரை, அதே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். அதெல்லாம் ஒத்திகை, கணக்கில் சேராது. பிறகுதான் உண்மையான வருடம் பிறக்கும். அவருடைய நிரலுக்கு இந்தச் சூதுவாது தெரியாது. பெற்றவரைப் போலவே வெள்ளந்தி. ஒவ்வொரு ஒத்திகையையும் ஒரு முழு நாளாக எண்ணிக்கொண்டு, ஊருக்கு வருடம் பிறக்கும் முன்பே எங்கேயோ போயிருந்தது. ஊருக்கெல்லாம் வியாழன் என்றால் அதற்கு ஞாயிறு. ஆளிருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு மென்பொருள்கிட்ட கேட்டா அதுவே சொல்லுமே சார். இது ஒத்திகையா நிஜமான்னுகூடச் சொல்லும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேக்காமலே தெரியும்னு நெனச்சிட்டேன்."

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றாள் அவள், சும்மா. சொல்லிவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தெர்மாமீட்டர் தன் எண்ணிக்கை வரிகளை அழித்தார். அந்த இடத்தில், மென்பொருளைக் கேள் என்று ஒரே வரி எழுதினார். மறுபடி ஓட்டினார். கொம்புகள் மறைந்தன. ஞாயிறு ஞாயிறாகவே வந்தது. ஆர்க்கிடெக்ட் அம்மாளுக்குப் புதிய வரைபடத்தை அனுப்பிவிட்டுப் பையை எடுத்தார்.

வீட்டில் மனைவி மறுநாளைக்கு வேண்டிய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அறையில் முப்பது டிகிரி இருக்கும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"உன்கிட்ட எத்தனை தடவை கேட்டாச்சு, நீ பிடியே குடுக்க மாட்டேங்கற."

"எதை?"

"அந்த வேலைக்குப் போறியா இல்லியான்னு."

அவள் நிமிர்ந்தாள். "எப்பக் கேட்டீங்க? மழை பெய்யுமான்னு கேட்டீங்க. துணி காயுமான்னு கேட்டீங்க. முந்தாநேத்து, உப்புக் காத்துல ஃப்ரிட்ஜ் துருப்பிடிக்குமான்னு கேட்டீங்க. நானும் வந்து நின்னு பார்க்கறேன், பார்க்கறேன், கேக்கவே மாட்டேங்கறீங்க."

பல் துலக்கும்போது கேட்டது, லிஃப்டில் கேட்டது, சிவப்பு விளக்கில் கேட்டது எல்லாவற்றையும் தெர்மாமீட்டர் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். பூஜ்யம் வந்தது.

"சரி," என்றார். "இப்பக் கேக்கறேன். போறியா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள்.

"போறேன். ஒண்ணாந்தேதி சேரணும். நீங்களும் வந்தா எனக்கு நல்லா இருக்கும். வரலைன்னாலும் போவேன்."